படித்துக் காட்டக் கேட்டு: சத்தியப் பத்திரமும் நம் கைநாட்டும்

அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது அத்தைக்கு இருபது வயசு தாண்டியிருந்தது. பொன்னமராவதிப் பக்கம் கல் குவாரியில் சல்லி உடைத்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் சுத்தியல், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சிலேட்டு. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியதை பி. சாய்நாத் எழுதினார், வெளியூர்க்காரர்கள் எல்லாம் பேசினார்கள். சைக்கிளைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பெருவிரலில் மை தடவிக் கூலி வாங்கிய பெண்கள் பேரெழுதிக் கூலி வாங்கினார்கள். அத்தை தன் பேரை எழுதி முடித்ததும் அடியில் ஒரு கோடு இழுக்கும். நூறு நாள் வேலைப் பதிவேடு, மகளிர் குழு நோட்டு, பேங்குச் சீட்டு எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும்.

2017-இல் ஒரே ஒரு பத்திரத்தில் மட்டும் அந்தக் கோடு இல்லை. அங்கே இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது.

நடந்தது இதுதான். ஊருணியில் துணி அலசியதற்காக அத்தையைச் சாதிப் பேர் சொல்லித் திட்டி அடித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிவிட்டது. சில வாரம் கழித்து நம் தெருக்காரர் ஒருவரே வந்து, "அத்தாச்சி, நிவாரணப் பணம் வரணும்னா ஒரு பத்திரம் கொடுக்கணுமாம், வாங்க" என்று கூட்டிப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடை. பத்திரம் முன்னாடியே அடித்துத் தயாராக இருந்தது. "என்ன தம்பி எழுதியிருக்கு?" "உங்களுக்குப் பணம் வர்றதுக்குத்தான்." அத்தை பேனாவைக் கேட்டிருக்கிறது. "கையெழுத்து வேணாம் அத்தாச்சி, ரேகைதான் கோர்ட்டுல செல்லும்." மை தயாராக இருந்தது. ரேகை வைத்தாகிவிட்டது. சாயங்காலம் அதில் ஒரு நோட்டரியின் முத்திரை விழுந்தது. அத்தை அந்த நோட்டரியைப் பார்க்கவே இல்லை.

பத்திரத்தில் இருந்தது என்ன? "நான் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுவது யாதெனில்" என்று தொடங்கி, புகார் தவறான புரிதலால் கொடுக்கப்பட்டது, எதிரிகள் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை, அவர்களை ஜாமீனில் விட ஆட்சேபணை இல்லை என்று போய், "மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, என் சுயநினைவுடன் ரேகை வைத்துள்ளேன்" என்று முடிந்திருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். சங்க இலக்கியத்துக்கு உரை எழுதத் தெரிந்த எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்துக்கு உரை தெரிய வருசங்கள் ஆனது.

அபிடவிட் என்பது லத்தீன் சொல். அதற்கு "நான் சத்தியம் செய்கிறேன்" என்று அர்த்தமில்லை. "அவர் சத்தியம் செய்திருக்கிறார்" என்று அர்த்தம். அதாவது சத்தியம் செய்தவரின் பேச்சல்ல அது, பக்கத்தில் நின்று பார்த்த இன்னொருவரின் பேச்சு. நம் வழக்கில் அதைப் பிரமாணப் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம், சத்தியப் பிரமாண வாக்குமூலம் என்று பல பேரில் சொல்கிறோம். உள்ளே "நான், நான்" என்று ஒருவர் பேசுவார், கீழே இன்னொருவர் "என் முன்னிலையில்" என்று எழுதி முத்திரை வைப்பார். அந்த இரண்டாவது ஆள் இல்லையென்றால் அது வெறும் கடுதாசி.

இதில் நம் சனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் எழுதியிருப்பது உண்மை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது போல நினைக்கிறோம். நோட்டரி அப்படி எதையும் சொல்வதில்லை. இந்த ஆள் இன்னார்தான், என் முன்னால் வந்தார், சத்தியம் செய்தார், கையெழுத்தோ ரேகையோ வைத்தார் என்பதற்கு மட்டும்தான் அவர் சாட்சி. உண்மைக்கும் பொய்க்கும் பொறுப்பு சத்தியம் செய்தவர் தலையில். பொய்யாக இருந்தால் பொய்ச்சாட்சி வழக்கு அந்த ஆள் மீதுதான் வரும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 193, 199 என்று இருந்த பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 229, 236 என்று நம்பர் மாறியிருக்கின்றன. ஆக, யாரோ எழுதிய வாசகம், யாரோ அடித்த டைப், ஜெயிலுக்குப் போவது மட்டும் ரேகை வைத்தவர்.

நிலத்திலும் இதே மயக்கம்தான். "நோட்டரி போட்டு வாங்கியிருக்கேன்" என்று மனை வாங்கியவர்கள் நம் தெருவிலேயே உண்டு. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது சட்டம். நோட்டரியின் வட்ட முத்திரை, விதிப்படி அய்ந்து சென்டிமீட்டர் விட்டம், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு சென்ட் நிலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றாது. 1892 செப்டம்பர் 30 அரசாணையின் கீழ் கிடைத்த பஞ்சமி நிலங்கள் கைமாறிய கதையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1994 அக்டோபர் 10-இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தது அந்த நிலத்தைக் கேட்டுத்தான். ஆனால் அந்த அரசாணை மதராஸ் மாகாணத்துக்கானது. எங்கள் பக்கம் 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம். பறிகொடுப்பதற்குக்கூட எங்களுக்குப் பஞ்சமி நிலம் இருக்கவில்லை.

சத்தியத்துக்கு வருவோம். யார் சத்தியம் செய்யலாம், எதன் மேல் செய்யலாம் என்பது இந்த நாட்டில் எப்போதுமே சாதிக் கேள்வி. மநு எட்டாம் அத்தியாயத்தில் சாட்சி சொல்ல வருகிறவனை நீதிபதி எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. பிராமணனைப் பார்த்துச் 'சொல்' என்றால் போதும். சத்திரியனிடம் உண்மை சொல் என்று சொல்ல வேண்டும். வைசியனை மாட்டையும் தானியத்தையும் பொன்னையும் காட்டி எச்சரிக்க வேண்டும். சூத்திரனிடம் மட்டும், பொய் சொன்னால் எல்லாப் பாவமும் உன் தலையில் என்று மிரட்ட வேண்டும். அதற்கும் வெளியே நின்ற நாம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் சாட்சி சொல்லலாம். மேலே உள்ளவன் மேல் நம் சாட்சி ஏறாது. இது ஏதோ நம் நாட்டுக் கோளாறு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1850-இல் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர்களும் செவ்விந்தியர்களும் சாட்சி சொல்ல முடியாது என்று சட்டம் போட்டது. 1854-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சீனர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையனை விட்டுவிட்டது.

தமிழில் நம் பேர் பதிவான பழைய பத்திரங்களில் பல, நம்மை விற்ற பத்திரங்கள். ஆளடிமை ஓலைகளில் விற்றவன் பேர் உண்டு, வாங்கியவன் பேர் உண்டு, சாட்சிகளின் கையெழுத்து உண்டு. விற்கப்பட்டவரும் அவர் பிள்ளைகளும் சரக்காக உள்ளே கிடப்பார்கள். அவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்க அந்த ஓலையில் இடமே கிடையாது.

கம்பெனி ஆட்சி 1840-இல் அய்ந்தாம் சட்டம் கொண்டு வந்தது. அதுவரை கோர்ட்டில் இந்துவுக்குக் கங்கைத் தண்ணீர், முஸ்லிமுக்குக் குரான். அதை நிறுத்திவிட்டு, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உண்மை சொல்வதாக உறுதி கூறினால் போதும் என்றார்கள். மூணு வருசம் கழித்து 1843-இல் இன்னொரு அய்ந்தாம் சட்டம், அடிமைத்தனத்தைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்றது. ஆக, கம்பெனிச் சீமையில் முதலில் சத்தியம் ஒன்றாகியது, பிறகுதான் ஆள் விடுதலையானான். ஆனால் 1873-இல் வந்த சத்தியப் பிரமாணச் சட்டம் ஒரு சந்தை மறுபடி திறந்துவிட்டது. வழக்கில் ஒரு தரப்பு, "எதிராளி அவர் வழக்கப்படி இன்ன சத்தியம் செய்து சொன்னால் நான் கட்டுப்படுகிறேன்" என்று சொல்லலாம். எதிராளி அப்படிச் சத்தியம் செய்துவிட்டால் அந்த விசயத்தில் அதுவே முடிவான சாட்சி. சரி, எந்த இடத்தில் சத்தியம்? சாமி சன்னதியில் என்று கேட்டால்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாம் போனதே 1939 ஜூலை 8-இல்தான். வாசலைத் தாண்ட முடியாதவனின் சத்தியம் எங்கே போய் எரியும்?

ஊர்ப் பஞ்சாயத்தில் நிலைமை இதைவிட நேரடி. திருட்டுப் பழி வந்தால் அய்யனார் கோயில் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். மற்றவன் உள்ளே நின்று அணைப்பான். நம்மாள் கோயிலுக்கு இந்தப் பக்கம், வெயிலில். எங்கள் அப்பத்தா சொல்லும்: "நம்ம சத்தியத்துக்கு அந்த வாசப்படி ஏறக் கால் இல்லடா." இந்தச் சிறப்புச் சத்தியப் பிரிவுகளை எடுத்துவிட்டுத்தான் 1969-இல் புதிய சத்தியப் பிரமாணச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் அபிடவிட்டுக்கு என்று தனிப் படிவம் இருக்கிறது. ரொம்பச் சின்னது. இது என் பேர், இது என் கையெழுத்து அல்லது குறி, இதில் உள்ளது உண்மை. கடவுள் பேரில் சொல்லலாம், கடவுள் இல்லாமல் உளமார உறுதியும் கூறலாம். 'அல்லது குறி' என்று இருக்கிறதே, அந்த இடத்தில்தான் கோடிக்கணக்கான பெருவிரல்கள் அழுந்தியிருக்கின்றன.

சட்டத்தில் சத்தியம் சமமாகிவிட்டது, நம்பிக்கை சமமாகவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். பிழைத்தவர்கள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னார்கள். கீழ்க் கோர்ட்டு 1970-இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களைத் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். கார் இருப்பது ஒரு சாட்சி. கண்ணால் பார்த்தது அதற்குக் கீழே.

சத்தியப் பத்திரம் மேல்சாதியின் கையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு மகாடைப் பார்க்கலாம். 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் நம்மவர்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். டிசம்பரில் இரண்டாம் மாநாடு அறிவித்ததும் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குளம் எங்கள் தனிச் சொத்து, தீண்டத்தகாதவர்கள் அதில் இறங்கியதே கிடையாது என்பது அவர்கள் கட்சி. இடைக்காலத் தடை வாங்க முழு விசாரணை வேண்டியதில்லை, அபிடவிட் மூலமாகவே விசயத்தைக் காட்டலாம் என்பது உரிமையியல் விசாரணைச் சட்டம். டிசம்பர் 14-இல் தடை கிடைத்தது. மாநாடு 25-இல் கூடியது, ஆனால் குளத்துக்குப் போகவில்லை. அந்தத் தடை சில மாதங்களில் நீங்கிவிட்டது. அனாதி காலத்து வழக்கம் என்று அவர்கள் சொன்னது நிரூபணமாகவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கடைசியாகச் சொன்னது 1937 மார்ச் 17-இல். பத்து வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவசரக் காகிதம் ஒன்று ஒரு வாரத்தில் செய்ததை உண்மை வந்து அழிக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நோட்டரி என்ற ஆள் நமக்கு ரொம்பப் புதுசு. வெள்ளைக்காரன் காலத்தில் அவர் உண்டியல், கப்பல், வியாபாரம் சம்பந்தப்பட்டவர், 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவர். சேரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1952-இல் நோட்டரிகள் சட்டம் நிறைவேறி, 1956 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வக்கீலாகப் பத்து வருசம் தொழில் செய்தவர் நோட்டரி ஆகலாம். தலித்துகள், பழங்குடிகள், பிற்பட்டவர்கள், பெண்கள் என்றால் ஏழு வருசம் போதும். (படித்துவிட்டு வக்கீலாக இருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்கணும். நம் தெருவுக்கு ஒரு வக்கீல் வேணும் என்கிறோம், ஒரு நோட்டரி வேணும் என்று யாரும் கேட்டதில்லை.) சத்தியம் செய்து வைப்பதும் அபிடவிட் வாங்குவதும் அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவு அவருக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொன்றையும் அவர் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தப் பதிவேடுதான் நமக்கு முக்கியம், கீழே சொல்கிறேன்.

விசாரணைக் கமிஷன்களிலும் அபிடவிட்தான் வாசல். கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31-இல் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியதற்கு நீதிபதி கோமதிநாயகம் கமிஷன். 1999 ஜூலை 23-இல் தாமிரபரணியில் 17 பேர் செத்ததற்கு நீதிபதி மோகன் கமிஷன். பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 துப்பாக்கிச் சூட்டுக்கு நீதிபதி சம்பத் கமிஷன். கமிஷன் வைத்ததும் விசயம் தெரிந்தவர்கள் இன்ன தேதிக்குள் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வரும். அந்தத் தேதிக்குள் அதிகாரிகளின் வாக்குமூலம் சுத்தமாக டைப் ஆகிப் போய்ச் சேர்ந்துவிடும். நம்மாள் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருப்பான், இல்லையென்றால் வழக்குக்குப் பயந்து வெளியூரில் இருப்பான். கமிஷன் முன் சொல்வதைச் சொன்னவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது, பொய்ச்சாட்சி என்றால் மட்டும்தான் முடியும் என்று 1952 சட்டத்தின் ஆறாம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இதை எந்த நோட்டீசிலும் பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்து வேங்கைவயலையும் சொல்லாமல் போக முடியாது. 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அதைப் பார்க்கப் போன ஆட்சியரும் எஸ்.பி.யும்தான் பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அந்தச் சனங்களைக் கூட்டிப் போனார்கள். அப்பத்தா சொன்ன வாசப்படி அது மாதிரியானதுதான். அப்புறம் வாக்குமூலம், மேலும் வாக்குமூலம், டி.என்.ஏ., குரல் மாதிரி. 2025 ஜனவரியில் சி.பி.சி.அய்.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை மூன்று பேரைக் குற்றவாளி என்றது. மூணு பேரும் பாதிக்கப்பட்ட பக்கத்துத் தலித்துகள். ஊர்ச் சனங்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அத்தையின் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது.

அத்தை வழக்கில் அந்தப் பத்திரத்தை ஜாமீன் மனுவோடு வைத்தார்கள். ஜாமீன் கிடைத்தது. விசாரணை வந்தபோது அதையே எடுத்து நீட்டினார்கள். "இது உங்க ரேகைதானே?" "ஆமாங்க." "படிச்சுக் காட்டக் கேட்டுத்தானே வச்சீங்க?" "இல்லைங்க, யாரும் படிக்கலை." "அப்படின்னா சத்தியம் பண்ணி இங்க எழுதியிருக்கிறது பொய்யா?" இதற்கு என்ன பதில் சொன்னாலும் அத்தை ஏதோ ஓரிடத்தில் பொய் சொன்னவராகிவிடுவார். பத்திரம் உண்மை என்றால் புகார் பொய். புகார் உண்மை என்றால் பத்திரம் பொய், இரண்டிலும் ஆள் ஒன்றே. இதற்காகவே செய்த வேலை அது.

எங்கள் தரப்பில் உதவிய வக்கீல் நல்லவர். இந்த அம்மா எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுகிறவர், இங்கே மட்டும் எதற்கு ரேகை என்று கேட்கச் செய்தார். நூறு நாள் வேலைப் பதிவேட்டின் நகலைக் காட்டினார், கோட்டோடு. நோட்டரியின் பதிவேட்டையும் வரவழைக்கச் செய்தார். வந்தது. அன்றைய தேதி இருந்தது, அத்தை பேர் இருந்தது, கையெழுத்துக்கான கட்டம் காலியாகக் கிடந்தது. அப்படியிருந்தும் சாட்சி முன்னுக்குப் பின் முரண் என்று வழக்கு விடுதலையில் முடிந்தது. காலிக் கட்டத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

அத்தை புகார் கொடுப்பதற்கு ஒரு வருசம் முன்பே, 2016 ஜனவரி 26-இல், திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அதன் நான்காம் பிரிவு ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதினால், கையெழுத்து வாங்குவதற்கு முன் சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது. வேண்டுமென்றே செய்யத் தவறினால், அரசு ஊழியர் தலித்தாகவோ பழங்குடியாகவோ இல்லாதபட்சத்தில், ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை ஜெயில். அதாவது படித்துக் காட்டாமல் இருப்பது நமக்கு எதிரான குற்றம் என்று பாராளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அரசு ஊழியருக்கு. டைப்பிங் கடைக்கும் தெருவில் கூட்டிப் போகிறவருக்கும் அந்தப் பிரிவு இல்லை. 'படித்துக் காட்டக் கேட்டு' என்ற வரி அவர்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கிறது, எல்லார் பத்திரத்துக்கும் ஒரே வரி.

மாமா போன பிறகு அத்தை விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டது. உறுதிமொழிப் பத்திரம் வேணும், 20 ரூபாய்ப் பத்திரத்தில் அடித்து நோட்டரி போட்டு வா என்று யாரோ சொல்லியனுப்பினார்கள். ஓய்வூதியமோ தரும உதவியோ பெறுவதற்கு மட்டும் கொடுக்கிற அபிடவிட்டுக்கும், கோர்ட்டில் தாக்கல் செய்கிற அபிடவிட்டுக்கும் முத்திரைக் கட்டணம் கிடையாது என்று 1899 முத்திரைச் சட்டத்தின் நான்காம் இனத்தில் விலக்கு இருக்கிறது. அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அத்தை அதை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டது.

டைப்பிங் கடையில் நானும் கூட இருந்தேன். பையன் அடித்து முடித்து, "இங்க ஒரு ரேகை வைங்கம்மா" என்றான். "படி" என்றது அத்தை. "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா." "படிப்பா, கேக்குறேன்." அவன் வேகமாகப் படித்தான். "மெதுவா." மறுபடி படித்தான். தொழில் விவசாயம் என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியது. "எனக்கு ஏதுப்பா காடு? கல்லு உடைச்சவ நான். கூலின்னு போடு." திருத்தினால் இன்னொரு பக்கம் அடிக்க வேண்டும், இருபது ரூபாய் ஆகும் என்றான். அதற்கு அத்தைக்கும் அவனுக்கும் கால் மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் பத்து ரூபாய்க்கு ஒத்துக்கொண்டான்.